தையல் அறையின் ஆறு மெசின்கள்

(நூற்றாண்டு ஆண்டின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சிநிரலில் மனையியல் அறையைத் திருத்துவது பற்றி ஒரு விடயம் இருக்கிறது. அதற்குள் ஒரு வரி: பாவனைக்கு உதவாத கால் மெசின்கள் ஆறையும் பழைய இரும்புக்கு விற்று, புதிதாக ஆறு மின் மெசின்கள் வாங்குதல். எங்கள் வகுப்பினர் அந்த ஒரு வரியைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். நூற்றாண்டு விழாவிலே தையல் மெசினா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன மாதம் நாங்கள் நாலு பேர் அந்த அறைக்குப் போனோம். கால் மெசின்கள் ஆறும் சிங்கர். கறுப்புத் தலையில் இருந்த பொன் கோலம் தேய்ந்துவிட்டது. தோல் பட்டிகள் அறுந்திருக்கின்றன. இரண்டில் பொபின் கேஸ் இல்லை. கூட்டிச் சென்ற மெசின் திருத்துபவர் தூசியைத் தட்டி, எண்ணெய் விட்டுச் சில்லைக் கையால் சுற்றினார். ஐந்து சுழன்றன. ஒன்றுதான் துருப்பிடித்து இறுகிவிட்டது. மேசைக்குக் கீழே மூன்று மின் மெசின்களும் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அன்போடு வாங்கித் தந்தவை. எந்தக் கொம்பனி என்பது இங்கே வேண்டாம். மூன்றிலும் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் பற்சில்லு வெடித்துப் போயிருக்கிறது. “பிள்ளையள், இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறேல்லை” என்றார் அவர். நாற்பது தாண்டிய எங்களைப் பிள்ளையள் என்றதில் சந்தோசம், மற்றபடி துக்கம்தான்.

“அந்தக் காலத்துச் சாமான் திறம், இந்தக் காலத்தது குப்பை” என்று சொல்லிவிட்டு நாங்கள் இருந்துவிடலாம். ஆனால் அது சரியான கணக்கல்ல. வாட்டில் பிழைத்து வீட்டுக்குப் போனவர்களை மட்டும் எண்ணி ஒரு மருந்தை நல்லதென்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் விற்ற கூடாத மெசின்கள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. எங்கள் கண்ணில் படுபவை தப்பியவை மட்டுமே. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இரும்பில் பற்சில்லுச் செய்யத் தெரிந்தவர்கள் ஏன் அதை விட்டார்கள்?

எங்கள் மெசின்களின் கதையே அதற்குப் பதில் தருகிறது. தகட்டில் 15கே என்று இருக்கிறது. கே என்பது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1851இல் அமெரிக்காவில் தொடங்கிய சிங்கர் கொம்பனி, சில வருடங்களிலேயே தவணைப் பணத்துக்கு மெசின் விற்கத் தொடங்கியது. 1877இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் இதே 15ஆம் வகை மெசினைப் பார்த்துச் செய்து மலிவாக விற்றார்கள். விலையில் போட்டி வந்தது. மோட்டர் வேண்டும், சிக்சாக் வேண்டும், பாரம் குறைய வேண்டும், சத்தம் குறைய வேண்டும் என்று வாங்குபவர்களும் கேட்டார்கள். 1960களில் சில மொடல்களின் உள்ளே நைலோன் பற்சில்லுகள் வந்தன. கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் இரும்பை விட அமைதியாக ஓடும். வருடங்கள் போகத்தான் வெடிக்கும். அதே காலத்தில் கொம்பனி தையலை விட்டு வேறு தொழில்களில் முதலிட்டது. 1963இல் கணக்குப் பொறி செய்யும் கொம்பனி ஒன்றையே வாங்கியது. 1980இல் கிளைட்பாங் தொழிற்சாலை மூடப்பட்டது. 1986இல் தையல் பகுதியையே தனியாகப் பிரித்துவிட்டார்கள். பெயர் கைமாறிக் கைமாறி இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு கெட்டவனைத் தேடி நாங்கள் களைத்துப் போனோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது. எங்கள் அம்மாமார் மெசின் வாங்கப் போனால் துண்டுத் துணி கொண்டு போவார்கள். இரண்டாக மடித்துத் தைத்து, அடிப்பக்கத் தையலைத் திருப்பிப் பார்ப்பார்கள். சத்தத்தைக் கேட்டே குறை சொல்வார்கள். நாங்களோ நிறத்தையும், எத்தனை விதத் தையல் போடும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்குகிறோம். உடுப்புகளைக் கடையில் வாங்கத் தொடங்கிய பின் மெசினை நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருமுறை திறக்கிறோம். அப்படியானவளுக்கு அறுபது வருடம் உழைக்கும் மெசினை எவர் செய்து விற்பார்?

ஜோர்ஜ் அகெர்லோவ் என்ற பொருளியலாளர் 1970இல், பழைய கார்களை உதாரணமாக வைத்து இதை எழுதினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாங்குபவரால் நல்லதையும் கூடாததையும் பிரித்தறிய முடியாவிட்டால் நல்லதற்குரிய விலையை அவர் கொடுக்கமாட்டார். நல்லதை வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மருந்துக் குளிசையைப் பார்த்து நோயாளியால் தரம் சொல்ல முடியாது; அதனால் அதற்குச் சட்டமும் ஆய்வுகூடமும் வைத்திருக்கிறோம். தையல் மெசினுக்கோ தைக்கத் தெரிந்த பெண்களே ஆய்வுகூடமாக இருந்தார்கள். அந்த ஆய்வுகூடத்தைத்தான் நாங்கள் மூடிவிட்டோம்.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் நாங்கள் அந்த அறையில் படித்தோம். காலால் மிதித்து ஓட்டும் மெசினுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. மெசின் எண்ணெய் கிடைக்காமல் தேங்காய் எண்ணெய் விட்டு ஒன்றை இறுகவைத்ததும் எங்கள் வகுப்புத்தான். அன்று ரீச்சரிடம் சொல்லவில்லை, இன்று சபையில் சொல்கிறோம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ அது மறுபடி ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் மெசின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போன அம்மாமார் எங்களில் சிலருக்கு இருந்தார்கள். போன இடத்தில் அதுதான் சோறு போட்டது.

ஆகவே எங்கள் திருத்தப் பிரேரணை இதுதான். ஓடக்கூடிய ஐந்தையும் திருத்துவோம். இறுகியதை உதிரிப்பாகத்துக்கு வைப்போம். கால் மெசினில் சிக்சாக்கும் பொத்தான் துளையும் தைக்க முடியாது என்பது உண்மை. அதற்காகப் புதிய மெசின்கள் ஆறு வேண்டாம், இரண்டு போதும். அவற்றை வாங்கப் போகும் குழுவில் தினமும் தைக்கும் ஒருவரும், அந்தத் திருத்துபவரும் இருக்கவேண்டும். பற்சில்லு எதனால் செய்தது, உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்கவேண்டும். மிஞ்சும் பணத்தில் பிள்ளைகளுக்கு மெசினைக் கழற்றிப் பூட்டப் பழக்கலாம். அவர் வரச் சம்மதித்திருக்கிறார்.

இன்னொன்று. இந்த உரை மலரில் அச்சாகி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வரும் என்று செயலாளர் சொன்னார். சிங்கர் 15க்குரிய பொபின் கேஸ் ஒன்று எவருடைய வீட்டிலாவது பொத்தான் தகரத்துக்குள் கிடந்தால், ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நாலு மெசின் இந்தத் தவணையே ஓடத் தொடங்கும். ஐந்தாவதுக்கு அதுதான் குறை.