டேப்பைக் கெடுத்தது யார்?

அனந்தபுரத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் கூட்டமைப்பு நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்



இன்றைக்குப் பேசப்போவது கடன் பற்றியோ சந்தா பற்றியோ இல்லை. நம் கணக்கு டேப் பற்றி. "இதுல பேச என்ன இருக்கு? சார்ஜ் போட்டா எரியுது, போடலைன்னா அணையுது"ன்னு பின்வரிசையில் யாரோ சொல்றது காதில் விழுது. போன வைகாசி வரைக்கும் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நோட்டில் கணக்கு எழுதிய காலம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி திட்டத்தைத் தொடங்கி, குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. பிறகு வாழ்வாதார இயக்கத்தின் லோக்ஓஎஸ் செயலி வந்தது. நோட்டு நனைந்தால் வெயிலில் காயவைத்தோம். டேப்பை வெயிலில் வைக்கக்கூடாது என்பதுதான் இன்றைய கதையே.

நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வைகாசியில் கணக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, 30 சதவீதம் காட்டிய டேப் பட்டென்று அணைந்துபோச்சு. திரும்பப் போட்டால் வரவில்லை. வங்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய வாரம் அது. மூன்று குழுக்களின் பதிவு போய்ச் சேரவில்லை. கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதில் ஒரு குழு, ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை விதை வாங்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தது. கடைசியில் வெளி வட்டிக்கு வாங்கித்தான் விதைத்தார்கள்.

எல்லோருக்கும் கோபம். கோபம் யார் மேல் போகும்? டேப்பைக் கையில் வைத்திருப்பவர் மேல்தான். "கணக்காளர் எப்பப் பார்த்தாலும் பிளக்கில் சொருகுறாங்க. 40 இருக்கும்போதே போடுறாங்க, 70 ஆனதும் எடுத்துடுறாங்க. முழுசா இறக்கி முழுசா ஏத்தணும், அவங்க அரைகுறையா ஏத்தியே பேட்டரி போச்சு"ன்னு பேச்சு வந்தது. புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவை அவர் ஊக்கத்தொகையில் மாதம் 300 ரூபாயாகப் பிடிப்பது என்று தீர்மானம் போட்டோம். எல்லோரும் கைதூக்கினார்கள். நாங்களும் தூக்கினோம். அந்தத் தங்கச்சி ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

விழுப்புரத்தில் பழுது பார்ப்பவர் டேப்பின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். தகடு மாதிரி இருக்க வேண்டிய பேட்டரி, பூரி மாதிரி உப்பியிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இதை எங்கேம்மா வைப்பீங்க?"

எங்கே வைப்போம்? சாயங்காலம் ஆனால் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அது நம் விதி. அலுவலகம் தகரக் கூரை. இரும்பு பீரோவுக்கு மேல், ரெக்சின் கவரோடு, சார்ஜரில் சொருகி வைப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொருகினால் திங்கட்கிழமை காலையில்தான் எடுப்பது. மேல்மலையனூர் அமாவாசை, பண்டிகை என்று விடுமுறை சேர்ந்தால் நாலைந்து நாள் அப்படியே கிடக்கும். 2012-ல் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எப்பவும் 100 இருக்கட்டும் என்பது நம் புத்தியில் ஊறிப்போனது.

அந்த 100-தான் பேட்டரியைத் தின்றிருக்கிறது. வெயிலும் கூடச் சேர்ந்துகொண்டது.

டேப்பில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி கண்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நம்மில் 45 தாண்டியதும் "எனக்கு டேப் எல்லாம் வராதும்மா" என்கிற அக்காமார்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இந்தப் பேட்டரிக்குள் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்வருகிறது. சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம் போகும், நாம் வேலை செய்யும்போது திரும்பி வரும். முழுசா ஏறி நிற்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம். ஒரு செல்லில் 4.2 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த நிலையில் உள்ளே இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சூடு சேர்ந்தால் வேகமாகச் சிதையும். சிதையும்போது வாயு உண்டாகும், அதுதான் உப்பல். விருந்தில் தொண்டை வரைக்கும் சாப்பிட்டவரை உச்சி வெயிலில் நிற்க வைத்தால் என்ன ஆகும், அந்த மாதிரி.

ஆய்வுக்கணக்கு ஒன்று சொல்கிறோம், இதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முழு சார்ஜோடு 40 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் சும்மா கிடந்த பேட்டரியில், ஏற்கெனவே பிடித்த அளவில் சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சுகிறது. அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் 85 மிஞ்சுகிறது. 25 டிகிரி குளிர்ச்சியில் முழுசா கிடந்தால் 80, 40 சதவீதத்தோடு கிடந்தால் 96. பேட்டரியை யாரும் தொடவே இல்லை, கிடந்ததிலேயே இவ்வளவு வித்தியாசம். டேப், கைபேசிகளை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்லித்தான் பல நிறுவனங்கள் குறிப்பேட்டில் போடுகிறார்கள். நமக்குச் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 35 தாண்டிவிடும். தகரத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று பீரோவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் அந்தத் தங்கச்சி செய்தது? 40-ல் சொருகி 70-ல் எடுத்தது? இந்தப் பேட்டரிக்கு அதுதான் நல்லது. முழுசா இறக்கி முழுசா ஏற்றணும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. பழைய எமர்ஜென்சி லைட்டிலும், முதலில் வந்த செல்போன்களிலும் அந்த வகை இருந்தது. பேட்டரி மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. அடிக்கடி சொருகினால் ஆயுள் குறையும் என்பதும் தப்பு. ஒரு சுற்று என்பது 100 சதவீதம் செலவாவது. இன்றைக்கு 50, நாளைக்கு 50 என்று செலவு செய்து ஏற்றினால், இரண்டு நாளும் சேர்ந்துதான் ஒரு சுற்று. இப்படி 500 முதல் 1,000 சுற்று போனதும் கொள்ளளவு 80 சதவீதம் அளவுக்கு இறங்குவது சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசி, டேப்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள், "அதுக்கு எப்பவும் ஃபுல்லா இருக்கணும்னு சொல்றாங்களே?" ஆமாம், தண்ணி ஊற்றுகிற ஈயப் பேட்டரிக்கு அதுதான் சரி. காலியாகக் கிடந்தால் அதன் தகட்டில் உப்பு படிந்து கெட்டுப்போகும். இன்வெர்ட்டரை நிறைத்து வையுங்கள், டேப்பை நிறைத்து வைக்காதீர்கள். இரண்டு மாட்டுக்கும் ஒரே தீனி போட முடியாது.

காலியாக விடுவதும் டேப்புக்குக் கெடுதல்தான். 0 ஆகி அணைந்த டேப்பை மூட்டைக்குள் போட்டு ஒரு மாதம் மறந்தால், திரும்பச் சார்ஜே ஏறாமல் போகலாம். ரொம்ப நாள் எடுக்க மாட்டோம் என்றால் பாதி ஏற்றி, அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அரிசிப்பானை இருக்கிற மூலை போதும். அடுப்படியும் ஃபிரிட்ஜ் தலைமாடும் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது அறவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது கவரைக் கழற்றுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் படுகிற மாதிரி மடியில் வைக்காமல் பைக்குள் வையுங்கள். வெயிலில் போய் வந்ததும் சூட்டோடு சொருகாதீர்கள், ஆறட்டும்.

வேலை நாளில் 20-க்குக் கீழே விடாமல், 80 வாக்கில் எடுத்தால் போதும். நாள் முழுக்க ஊர் ஊராகப் போகிற அன்றைக்குக் காலையில் 100 ஏற்றிக்கொண்டு போங்கள், தப்பில்லை. அன்றைக்கே செலவாகிவிடும். ஏற்றிவிட்டு வைத்திருப்பதுதான் கெடுதல். இதுக்காக ராத்திரி எழுந்து எழுந்து பார்த்துத் தூக்கம் கெடுக்கவும் வேண்டாம். டேப்புக்காக நாம் இல்லை, நமக்காகத்தான் டேப்.

சார்ஜர் விஷயத்தில் கறாராக இருங்கள். சந்தையில் கிடைக்கிற 80 ரூபாய் சார்ஜர் வேண்டாம். பி.ஐ.எஸ். குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரை லேசாகத் தூக்கினாலோ, பின்மூடி பிளந்தாலோ உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போக வேண்டும். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எல்லாம் கூடாது, தீப்பிடிக்கும். பழைய பேட்டரியைக் குப்பையிலும் போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி, தயாரிப்பாளர்கள் திரும்பச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள். கடைக்காரரிடமே கொடுங்கள்.

இனி தீர்மானம். ஊக்கத்தொகையில் பிடிப்பது என்ற தீர்மானத்தைப் போன கூட்டத்தில் ரத்து செய்துவிட்டோம். பிடித்த இரண்டு மாதத்துப் பணம் 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாச்சு. பேட்டரிச் செலவு நிர்வாகச் செலவில் போனது. வெளி வட்டிக்கு வாங்கிய குழுவுக்கு வட்டி வித்தியாசத்தை யார் தருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. பொது நிதியிலிருந்து தரலாம் என்பது எங்கள் அபிப்பிராயம், இன்றைக்கே பேசி முடிக்கலாம். அந்தத் தங்கச்சி வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னவர், இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கைதூக்கியவர்கள் ஆளுக்கொரு வார்த்தை அவரிடம் பேசினால் நல்லது. நாங்கள் பேசிவிட்டோம்.

ஒப்படைப்பு விதியையும் மாற்றியிருக்கிறோம். டேப் இனி கணக்காளர் வீட்டிலேயே இருக்கும். பதிவேட்டில் தேதியோடு சதவீதமும் எழுதப்படும்.

சில டேப்களில் 80 அல்லது 85-க்கு மேல் ஏறாமல் தானாக நிறுத்தும் வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போனால் பேட்டரி என்ற தலைப்பில் கிடைக்கும். இப்போது டீ வரும். கைபேசி, டேப் கொண்டுவந்தவர்கள் எடுங்கள், யார் யாருடையதில் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.