கித்தாரும் மெட்டும்



மொழியியலார்க்கு இசையரங்கில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அண்மையில் ஈப்போவில் ஒரு கித்தார் வகுப்பில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். கற்பித்தவர் தமிழர், கற்றவள் தமிழ்ப்பள்ளி மாணவி. வரும்போது ‘சாப்பிட்டாயா’ என்பதும், போகும்போது ‘அம்மா வந்துவிட்டார்களா’ என்பதுமே அவ்வகுப்பில் ஒலித்த தமிழ். கருவியின் உறுப்புகளும் விரல்களின் தொழிலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. அவ்வாசிரியரை நாம் குறை கூறவில்லை. அவருக்கு அச்சொற்களைத் தமிழில் தந்தவர் எவருமிலர்.

கித்தாரைத் தமிழர் கற்றதற்குத் தலையாய சான்று இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ பாடல்கள் வந்தபோது, பேராக்கின் தோட்டத்து லயங்களில் வானொலி இருந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடியது நமக்கு நினைவிருக்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் இரவு நெடுநேரம் விழித்திருந்தார்கள். அன்று நாம் கேட்டது நாட்டுப்புற மெட்டு என்றே எண்ணினோம். அதன் அடியில் மேலைச் செவ்வியல் கித்தார் பயின்ற கை ஒன்று இருந்ததை அறியப் பல ஆண்டுகள் ஆயின.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் அவர். அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று செவிவழியே பழகினார். 1968இல் சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்தைக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலில் சௌத்ரி முதலியோர்க்குக் கித்தார் வாசித்தும், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தும் உழைத்த பின்னரே இசையமைப்பாளர் ஆனார். பின்னாளில் கருவியின்றித் தாளில் நேரே இசையை எழுதுவது அவர் வழக்கமாயிற்று. செவிவழி மரபில் வளர்ந்த ஒருவர் இருபத்தைந்து வயதுக்குமேல் புதியதோர் எழுத்தைக் கற்று, அதிலேயே சிந்திக்கத் தொடங்கினார் என்பதே மொழியியலார்க்கு வியப்பு. ஆசிரியர்கள் தன்ராஜ் மாஸ்டர் பெயரையும் மாணவரிடம் சொல்லுங்கள்.

செவ்வியல் கித்தாரில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் கீழ்க்குரலை நடத்தும். சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் மேலே வேறொரு குரலைப் பேசும். ஒருவர் கையில் இருவர் உரையாடல். இளையராஜாவின் பாடல்களில் பாடகர் ஒருபுறம் செல்ல, கீழ்க்குரல் தனக்கென ஓர் இன்னிசையாய் நடப்பதை இப்பயிற்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. அவருடைய நூறாவது படமான ‘மூடுபனி’யில் (1980) நாயகன் கித்தாரோடு பாடும் பாடலை வகுப்பில் ஒலிக்கச் செய்து, பாடகரை விட்டுவிட்டுத் தந்திகளை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். 1986இல் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய இசைத்தொகுப்பும், 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு அரங்கேற்றிய சிம்பொனியும் அவ்வெழுத்தின் தொடர்ச்சியே.

இனிச் சொற்களுக்கு வருவோம். கித்தார், கிட்டார், கிடார் என மூவகையாக எழுதுகிறோம், ஒன்றைக் கொள்ளலாம். கிரேக்கக் ‘கித்தாரா’வோடு உறவுடைய சொல் ஆதலின் ‘கித்தார்’ நமக்கு உவப்பு. பெயரை மாற்ற வேண்டியதில்லை. உறுப்புகளுக்கோ புதுச்சொல் புனைய வேண்டுவதே இல்லை. வீணை செய்யும் தஞ்சைத் தச்சர் நாவில் குடம், தண்டி, குதிரை, பிரடை, மெட்டு என அனைத்தும் உள்ளன. கித்தாரின் தண்டியில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளும் மெட்டுகளே. பாட்டின் இசைக்கும் மெட்டு என்றே பெயர். இவ்விரண்டும் ஒரே சொல்தானா என்பது தனியாய் ஆராயத்தக்கது. விரல்தொழிலுக்குச் சிலப்பதிகாரக் கானல்வரி எட்டுப் பெயர் தருகிறது. வடித்தல், உந்தல், உருட்டல் அவற்றுட் சில. விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ பழந்தமிழ் யாழை விரிவாக ஆய்ந்தது. அவ்வெட்டும் கித்தார்க்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. பொருந்துவன எவை என்பதைக் கருவி பயின்றவரே சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தை விலக்குவது நம் நோக்கமன்று. அம்மாணவி இலண்டன் தேர்வு எழுதவேண்டின் அச்சொற்களும் வேண்டும். ஆயினும் ‘மூன்றாம் தந்தி, ஐந்தாம் மெட்டு’ என்று ஆசிரியர் சொன்னால் அவளுக்கு விளங்காமற் போகாது. இருபது சொற்கொண்ட பட்டியல் ஒன்றை எழுதிக் கொணர்ந்துள்ளோம். இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றே அதை வாங்கிச் சென்று, வகுப்பில் பயன்படுத்திப் பார்த்து, நாவில் நில்லாத சொற்களை அடித்துத் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம்.