மருதாணி தெரியாத கம்ப்யூட்டர்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் புது மாப்பிள்ளை, புதுப்பெண்ணுக்குச் சலுகை என்பது புதுசில்லை. மறுவீட்டு விருந்தில் அவர்களுக்குத்தான் முதல் இலை. தலை தீபாவளிக்குப் போனால் நாட்டுக்கோழிக் குழம்பு. எதையும் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. ஆனால் தேனிலவு என்று எங்கள் பக்கத்துக் குண்டாற்றைத் தாண்டிவிட்டால் கேட்டால்தான் கிடைக்கும். நம்மவர்களுக்கோ கேட்கக் கூச்சம்!

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் டி.டி.ஆர். என்பீர்களே, அதேதான். புதுமணத் தம்பதியைக் கண்டுபிடிக்க எனக்கு டிக்கெட் தேவையில்லை. மஞ்சள் மங்காத தாலிக்கயிறு, மருதாணிக் கை, மடியில் பலகாரச் சம்படம். இது போதும்.

ஒருநாள் இரவு வண்டி. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் நாலாவது பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அந்தப் பெண். டிக்கெட்டைப் பார்த்தால் அவளுக்கு ஏழாவது பெட்டியில் படுக்கை. "என்ன தம்பி இது?" என்றேன். "பரவால்ல சார், ராத்திரி மட்டுந்தானே" என்று தரையைப் பார்க்கிறான். அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "சார், எங்களுக்கு முந்தாநேத்துதான் கல்யாணம்." அவ்வளவுதான். எதிரே போர்வையை விரித்துக்கொண்டிருந்த பெரியவர் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் ஏழாவது பெட்டிக்குப் போறேன் தாயி, நீ இங்கேயே இரு" என்று கிளம்பிவிட்டார். அந்தப் பெண் சம்படத்தைத் திறந்து ரெண்டு அதிரசத்தை அவர் கையில் வைத்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ரயிலில் வசதி ரெண்டு வழியில் வரும். ஒன்று கம்ப்யூட்டர் தருவது, இன்னொன்று மனுஷன் தருவது.

கம்ப்யூட்டர் வழி 2006 முதல் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே, மேல்வகுப்புக்கு மாற்றச் சம்மதமா என்று ஒரு கேள்வி இருக்கும். சம்மதம் என்று குறித்துவிடுங்கள். முழுக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இந்த வசதி. மேல்வகுப்பில் படுக்கை காலியாகக் கிடந்தால், சார்ட் போடும்போது கம்ப்யூட்டரே உங்களைத் தூக்கி அங்கே போடும். கூடுதலாக ஒரு காசு கிடையாது, பி.என்.ஆர். எண்ணும் மாறாது. ஒரே டிக்கெட்டில் ரெண்டு பேரும் இருந்தால் சேர்த்துத்தான் மாற்றும். ஆனால் ஒன்று, கம்ப்யூட்டருக்கு மருதாணி தெரியாது. உங்கள் அதிர்ஷ்டம்தான்.

மனுஷன் தருவது கூப்பே. வானொலி நேயர்களே, இதைச் சொல்லத்தான் நான் வந்ததே! முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் நாலு படுக்கை அறையும் உண்டு, ரெண்டே படுக்கை உள்ள சின்ன அறையும் உண்டு. அந்தச் சின்ன அறைதான் கூப்பே. கீழே ஒன்று, மேலே ஒன்று, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். கட்டணம் ரெண்டுக்கும் ஒன்றுதான். யாருக்கு எந்த அறை என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். அதனால்தான் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அதைச் சரியாகச் செய்தான். ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட். பயணத்துக்கு முன்னாலேயே ஒரு விண்ணப்பம் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை அதோடு வைத்து ரயில்வே அலுவலகத்தில் கொடுத்திருக்கிறான். கூப்பே கிடைத்தது. புதுப்பெண் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இதுக்குத் தனியா எவ்வளவு சார்?" "ஒண்ணுமில்லம்மா, கேட்டீங்க, கிடைச்சது" என்றேன். அன்று விடியும்வரை அந்தப் பெட்டி முழுக்க மல்லிகை வாசம்.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். தேனிலவு என்று சொல்லி ஏறிய ஒரு தம்பதியின் பின்னால், "அப்பா, எனக்கு மேல் பெர்த்" என்று ஒரு குரல் வந்த கதையும் உண்டு!

விடுதிக்கும் இதே சூத்திரம்தான். நேரடியாகப் போன் செய்து, புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று சொல்லுங்கள். ஆனால் காலி அறை இருந்தால்தான் நல்ல அறைக்கு மாற்றித் தருவார்கள். வைகாசியில் தாலி கட்டிய கையோடு கொடைக்கானல் போனால் கோடைக் கூட்டத்தில் கிடைத்த அறையே சலுகைதான். ஆவணி முகூர்த்தக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சனி, ஞாயிறை விட்டுப் போனால் ஏரி தெரியும் ஜன்னலைக் கேட்டு வாங்கலாம். சொந்தக் கார், வாடகைக் காரில் மலையேறுகிறவர்கள் இ-பாஸை மறக்காதீர்கள், 2024 மே 7 முதல் அது கட்டாயம். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை.

விமானமா? மதுரையிலிருந்து பறக்கும் சின்ன விமானங்கள் பலவற்றில் மேல்வகுப்பே கிடையாது, அதனால் அதை விட்டுவிடுவோம். வெளிநாடு போகிறவர்கள் திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒரே டிக்கெட், முன்கூட்டியே ஒரு வார்த்தை, கையில் ஒரு பத்திரிகை, இவ்வளவுதான் செலவு. இந்த முகூர்த்தத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ரயிலேறும் பிள்ளைகளில் ஒருவராவது தரையைப் பார்க்காமல் நிமிர்ந்து கேட்டால் எனக்குச் சந்தோஷம். அதிரசச் சம்படத்தை மட்டும் டி.டி.ஆர். உங்கள் வேலையை முடிப்பதற்கு முன்னால் திறந்துவிடாதீர்கள், லஞ்சமாகிவிடும்.