பள்ளிக் கால்பந்தும் போட்டி முறையும்



கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோல் அடித்தவனைப் பற்றியே பேசுவர். கோலைத் தடுத்தவனையும் சிலர் நினைவு கூர்வர். எத்தனை நிமிடம் ஆடுவது, எந்த அணி எந்த அணியோடு மோதுவது, ஆட்டம் சமநிலையில் முடிந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி வைத்தவரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று நான் உங்களிடம் பேச விரும்புகிறேன். அதன் அருமையை நான் காலந்தாழ்ந்தே, அதுவும் ஒரு மாணவனிடமிருந்தே, கற்றுக்கொண்டேன்.

மதுரைக்கு வெளியே, வயலும் கண்மாயும் சூழ்ந்த ஓர் ஊரில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டில், குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பணி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. கால்பந்துக்குப் பதின்மூன்று பள்ளிகள் பெயர் கொடுத்திருந்தன. மைதானமோ ஒன்று, நாட்களோ இரண்டு. தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் முறையைத் தவிர வேறொன்றை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டாம் நாள் மாலை அரையிறுதி ஆட்டம் ஒன்று ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சமமாக முடிந்தது. இறுதியாட்டம் இன்னும் எஞ்சியிருந்தது. மேற்கே சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். உடற்கல்வி ஆசிரியர் என் அருகில் வந்து, "பெனால்டி உதை வைத்துப் பார்க்கலாம், ஐயா" என்றார். நேரமில்லை என்று சொல்லி நான் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தேன். அது சுண்டப்பட்டது. ஓர் அணி ஆரவாரித்தது.

மற்றொரு அணியின் தலைவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அழவில்லை, சினந்து பேசவும் இல்லை. என்னிடம் வந்து, "ஐயா, நாங்கள் எதில் தோற்றோம்?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் விடை இல்லை. முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இரண்டு நாளும் விடியற்காலைப் பேருந்தில் வந்த பிள்ளைகள் அவர்கள். பள்ளிச் சீருடையில் அவன் ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. அணிக்கு ஐந்து வீதம் பத்து உதைகளுக்குப் பத்து நிமிடமே போதும் என்பதை அன்றிரவு விதிநூலைப் புரட்டியபோது அறிந்தேன். பத்து நிமிட வெளிச்சம் அன்று மைதானத்தில் இருக்கத்தான் செய்தது.

இந்தத் தவறு என்னோடு தொடங்கியதன்று என்பதில் எனக்குச் சற்றே ஆறுதல் உண்டு. 1968 ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் போட்டியின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கூடுதல் நேரத்துக்குப் பின்னும் கோலின்றி நின்றன. நாணயம் சுண்டப்பட்டது, இத்தாலி வென்றது. அதே போட்டியின் இறுதியாட்டமும் சமநிலையில் முடிந்தபோது நாணயத்தை நாடாமல் இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடினார்கள். இறுதியாட்டத்துக்கு ஒரு நீதி, அரையிறுதிக்கு வேறொரு நீதி! அவ்வாண்டே மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இசுரேல் அணி பல்கேரியாவிடம் சீட்டுக் குலுக்கலில் தோற்று வெளியேறியது. அதன்பின் இசுரேல் நாட்டார் முன்வைத்த யோசனையும் ஒரு காரணமாக, ஐந்தைந்து பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறையை 1970 இல் சர்வதேச விதிக்குழு ஏற்றுக்கொண்டது. பெனால்டி உதையிலும் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தோற்றவன் "நான் எதில் தோற்றேன்?" என்று கேட்டால், "உன் உதை கம்பத்தில் பட்டது" என்றேனும் சொல்ல முடியும்.

இடையில் பொன் கோல் என்றொரு முறையும் வந்து போயிற்று. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் அடித்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். 1993 இல் புகுத்தப்பட்ட அது 2004 இல் கைவிடப்பட்டது. நம் பக்கத்தில் ஆடி மாதத்தில் மைதானத்தில் நின்றவர்கள் அதன் குறையை எளிதில் உணர்வார்கள். புழுதியை வாரி இறைக்கும் ஆடிக் காற்று யாருடைய முதுகுப் பக்கம் வீசுகிறதோ, அவர்களுக்குக் கூடுதல் நேரத்தின் முதற்பகுதி பெரும் சலுகை. பக்கம் மாறி ஆடும் வாய்ப்பு மற்ற அணிக்குக் கிட்டும் முன்பே ஆட்டம் முடிந்துபோகலாம். இரு பகுதிகளும் சமமாக இருக்க வேண்டும், இடையில் பக்கம் மாற வேண்டும் என்று விதி வகுத்த முன்னோர் காற்றை அறிந்தவர்கள்.

நிற்க. சமநிலையை எவ்வாறு தீர்ப்பது என்பது சிறிய வினா. நாம் போட்டி நடத்துவதே எதற்காக என்பதுதான் பெரிய வினா. மாவட்டத்துக்கு அனுப்ப ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமா? பிள்ளைகள் ஆடுவதற்காகவும் அல்லவா?

நம் மாநிலத்தில் பாரதியார் தினம், குடியரசு தினம் ஆகியவற்றின் பெயரால் நடைபெறும் பள்ளி விளையாட்டுகள் குறுவட்டத்தில் தொடங்கி, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிச் செல்பவை. 1904 ஆம் ஆண்டு மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவரின் பெயரை அப்போட்டிகள் தாங்கி நிற்பதில் மதுரைக்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் 1960 இல் தொடங்கப்பட்ட சுப்ரதோ கோப்பைக்கும் பள்ளி அணிகள் இவ்வாறே படியேறிச் சென்று தில்லியை அடைகின்றன. ஏணியின் உச்சியில் நிற்பவரை நாளிதழில் காண்கிறோம். ஆனால் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் ஏறுவது முதற்படி ஒன்றே.

அந்த முதற்படியில் நாக-அவுட் முறை என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். எத்தனை அணிகள் உண்டோ அதைவிட ஓர் ஆட்டம் குறைவு; அவ்வளவுதான். பதினாறு அணிகளுக்குப் பதினைந்து ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. முதற்சுற்றிலேயே எட்டுப் பள்ளிகள் பை தூக்கிவிடும். ஆண்டு முழுவதும் பயிற்சி செய்த பையன் நாற்பது நிமிடம் ஆடிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கிறான். அணிகளின் எண்ணிக்கை எட்டு, பதினாறு என்று அமையாதபோது 'பை' என்னும் விலக்கு வேறு வந்து சேரும். எங்கள் பதின்மூன்று அணிகளில் மூன்று, ஒரு பந்தையும் தொடாமலேயே இரண்டாம் சுற்றை அடைந்தன. அதுவும் சீட்டுக் குலுக்கலின் அருளே.

எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் முறையே மிக நேர்மையானது. ஆனால் பதினாறு அணிகளுக்கு அது 120 ஆட்டங்களைக் கேட்கும். எந்தக் குறுவட்டமும் அதைத் தாங்காது. ஆகவே இரண்டையும் கலந்து, சிறு குழுக்களாகப் பிரித்து முதலில் லீக், பின்னர் நாக்-அவுட் என்று நடத்துவதே உலகெங்கும் வழக்கமாயிற்று. ஆயினும் இதற்கும் ஒரு நோய் உண்டு. அதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்று உலகை வியக்க வைத்தது. அக்குழுவின் கடைசி ஆட்டம் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்தது. அல்ஜீரியா தன் ஆட்டங்களை முதல் நாளே முடித்துவிட்டிருந்தது. மேற்கு ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்பது இரு அணிகளுக்கும் தெரியும். தொடக்கத்திலேயே ஜெர்மானியர் ஒரு கோல் அடித்தனர். பிறகு பந்தை இங்குமங்கும் உருட்டிக்கொண்டே நேரத்தைக் கழித்தனர். அல்ஜீரியா வீடு திரும்பியது. 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே வேளையில் நடத்தப்படுகின்றன.

இதனினும் வேடிக்கை 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் நடந்தது. கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பார்படோஸ் அடுத்த சுற்றுக்குச் செல்ல முடியும். சமநிலையில் முடியும் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் செல்லும் என்றும், அங்கு அடிக்கும் பொன் கோல் இரண்டு கோலாகக் கணக்கிடப்படும் என்றும் அமைப்பாளர்கள் விதி எழுதியிருந்தார்கள். பார்படோஸ் 2-0 என்று முன்னணியில் இருந்தபோது கிரெனடா ஒரு கோல் அடித்துவிட்டது. எஞ்சியிருந்த சில நிமிடங்களில் இன்னொரு கோல் அடிப்பது அரிது என்று கண்ட பார்படோஸ் ஆட்டக்காரர்கள், தங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அடித்து 2-2 ஆக்கிக்கொண்டார்கள்! சூழ்ச்சியை உணர்ந்த கிரெனடா ஆட்டக்காரர்கள் இரண்டு கோல்களில் எதற்குள் பந்து புகுந்தாலும் தங்களுக்கு நன்மை என்று கண்டு இரு பக்கமும் ஓடினர். பார்படோஸ் அணியினர் இரு கோல்களையும் காத்து நின்றனர். இறுதியில் கூடுதல் நேரத்தில் பார்படோஸ் கோல் அடித்து 4-2 என்று வென்றது. விதியை மீறியவர் ஒருவரும் இலர். விதியை எழுதியவர்தாம் அதன் கடைசி வரி வரை எண்ணிப் பார்க்கவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின், மறு ஆண்டு போட்டி மீண்டும் எங்கள் பள்ளிக்கு வந்தபோது, உடற்கல்வி ஆசிரியரும் நானும் ஒரு வாரம் மாலைதோறும் உட்கார்ந்து காகிதத்தை எழுதினோம். அவ்வாண்டும் பதின்மூன்று அணிகளே. ஒரு குழுவில் நான்கு அணிகள், மற்ற மூன்று குழுக்களில் மும்மூன்று அணிகள். குழு ஆட்டங்கள் பதினைந்து. அரையிறுதி, இறுதி மூன்று. ஆக மொத்தம் பதினெட்டு. முன்னைய முறையில் பன்னிரண்டு. ஆட்டத்தைப் பகுதிக்கு இருபது நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடமாகக் குறைத்தோம். 480 நிமிடம் 540 ஆயிற்று. ஒரே ஒரு மணி நேரம் கூடுதல்! அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக, எந்தப் பள்ளியும் இரண்டு ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடாமல் ஊர் திரும்பவில்லை. இக்கணக்கை முந்தைய ஆண்டே போட்டுப் பார்த்திருக்கலாம்.

நேரத்தைக் குறைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பதினோரு பேர், தொண்ணூறு நிமிடம் என்பன வேத வாக்கல்ல. இளைஞர் ஆட்டங்களுக்கு மைதானத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் கம்பங்களின் இடைவெளி, ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள, தேசியச் சங்கத்தின் இசைவோடு, விதிநூலே இடம் தருகிறது. வெளியே சென்ற ஆட்டக்காரன் மீண்டும் உள்ளே வரவும் இளைஞர் ஆட்டத்தில் இசைவு தரலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பகுதிக்கு நாற்பது நிமிடமே ஆடுகிறார்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இது வளர்ந்த ஆடவருக்கு வகுத்த அளவு. பன்னிரண்டு வயதுச் சிறுவனை அதன் நடுவே நிறுத்தி, தலைக்கு மேல் போன பந்துக்காக அவனைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்த வயதில் என்ன உயரம் இருந்ததோ! மதுரை வெயிலில் தண்ணீர் அருந்த ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தவும் விதியில் இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுவது கோழைத்தனமன்று.

மூன்று அணிகள் உள்ள குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா இருந்தே தீரும். அல்ஜீரியாவின் கதை அங்கே மீண்டும் நிகழலாம். இதை முற்றிலும் தவிர்க்க எங்களால் இயலவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்ற அணியே இரண்டாம் ஆட்டத்தில் மூன்றாம் அணியோடு ஆட வேண்டும் என்று எழுதி ஓரளவு சமாளித்தோம். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் என்றும், ஓர் ஆட்டத்தில் மூன்று கோலுக்கு மேற்பட்ட வித்தியாசம் கணக்கில் சேராது என்றும் எழுதினோம். எளிய அணி ஒன்றைப் பத்துக் கோல் அடித்து அவமானப்படுத்துவதால் எவருக்கும் ஆதாயம் இருத்தலாகாது என்பது என் பிடிவாதம். ஆசிரியர் சிலர் இதை ஏற்கவில்லை. இன்றும் ஏற்காதவர் உண்டு.

போட்டி நாளன்று காலை, பதின்மூன்று அணித் தலைவர்களையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் காகிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். ஐயம் உண்டா என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "ஐயா, எங்கள் குழுவில் மூன்று அணிகள். முதல் அணி இரண்டாவதை 1-0 என்றும், இரண்டாவது மூன்றாவதை 1-0 என்றும், மூன்றாவது முதலாவதை 1-0 என்றும் வென்றால்?" என்றான்.

புள்ளியும் சமம், கோலும் சமம். நாங்கள் இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்தும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. அங்கேயே, அவர்கள் முன்னிலையிலேயே, எச்சரிக்கை அட்டை குறைவாகப் பெற்ற அணிக்கு முதலிடம் என்று எழுதினோம். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாக நின்று, மஞ்சள் அட்டைகளின் கணக்கால் ஜப்பான் முன்னேறியதைப் படித்தபோது அந்த வேப்பமரத்தடி என் நினைவுக்கு வந்தது. அதிலும் சமமானால் அணிக்கு ஐந்து பெனால்டி உதை என்று அடுத்த வரியைச் சேர்த்தோம். அச்சிறுவன் அதையும் கேட்டு, சற்று யோசித்து, தலையசைத்து உட்கார்ந்தான். அதன் பின்னரே முதல் ஆட்டத்துக்கு ஊதல் ஊதச் சொன்னேன்.