மனம் திரும்பும் வழி

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்குச் சில சொற்கள் நெடுநாள் துணையாக அமைந்துவிடுவதுண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்கும் 'மனந்திரும்புதல்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்னும் சொல் மனம் மாறுதலைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் 'ஷூவ்' என்னும் வினைச்சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். இவ்விரு கருத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது நம் தமிழ்ச் சொல். அதில் அழுகையைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

அப்படியாயின் பாவத்திற்காக வருந்த வேண்டியதில்லையா? வருந்தத்தான் வேண்டும், ஆனால் வருத்தம் வாயிற்படியே. மத்தேயுவின் சுவிசேஷத்தில் யூதாசும் வருந்துகிறான். தான் பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அவனுடைய வருத்தத்தைக் கூற அங்கே மெட்டனோயா என்னும் சொல் ஆளப்படவில்லை. கழிவிரக்கத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லே வருகிறது. பேதுருவோ தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்து, மனங்கசந்து அழுகிறார். இருவர் உள்ளத்தையும் குற்ற உணர்வு சுட்டது. யூதாஸ் அதனோடு தனியே சென்று மாய்ந்தான். பேதுரு அழுத கண்களோடு தம் ஆண்டவரிடம் திரும்பி வந்தார்.

இத்திரும்புதல் ஒரே இரவில் முடிந்துவிடும் செயலா? 1725-இல் இலண்டனில் பிறந்த ஜான் நியூட்டனின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது. இறைவனைப் பழிப்பதிலே பேர்போன மாலுமி அவர். 1748 மார்ச் மாதத்தில், வட அட்லாண்டிக் கடலில் அவர் சென்ற கப்பல் கடும்புயலில் சிக்கி உடைந்தது. உள்ளே புகுந்த நீரை இறைத்து இறைத்துக் கை ஓய்ந்த நிலையில், அவர் வாயில் இறைவனின் இரக்கத்தை வேண்டும் சொல் பிறந்தது. அந்நாளையே தம் மறுபிறப்பின் தொடக்கமாக அவர் பிற்காலத்தில் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

அன்றே அவர் முற்றும் மாறினார் என்று கதை கூறுவோர் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. அதன் பின்னரே அவர் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் செல்லும் கப்பலில் துணை அதிகாரியானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் தலைவராகவும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். தெய்வ நிந்தனையை விட்டுவிட்ட மனத்திற்கு அது பாவமாகத் தோன்றவில்லை. கடல் வாழ்வை விடச் செய்ததும் மனச்சான்றன்று; 1754-இல் வந்த நோய்தான்.

1764-இல் அவர் குருப்பட்டம் பெற்றார். உலகெங்கும் பாடப்பெறும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் அவருடைய பாடல் 1779-இல் நூலாக்கம் பெற்றது. அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதியதோ 1788-இல். புயல் அடித்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன! அந்நூலில் தாம் செய்ததை அவர் மறைக்கவில்லை. தம் அறிக்கை காலந்தாழ்ந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். பிறகு பாராளுமன்றக் குழுவின் முன்னும் தாம் கண்டவற்றைச் சாட்சியாகக் கூறினார். 1807-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. அவ்வாண்டு இறுதியிலே நியூட்டன் காலமானார்.

இத்தனை காலத் தாமதம் ஏன்? சட்டம் இடங்கொடுத்தது, ஊரார் அதை மதிப்பான தொழிலாகக் கருதினர். ஊரார் பழிக்கும் பாவத்தை நாம் விரைவில் காண்கிறோம். ஊரார் ஒப்பும் பாவத்தையோ கடைசியில் காண்கிறோம். பாவத்தை உணர்த்துவது தூய ஆவியானவரின் பணி என்று கிறிஸ்தவர் நம்புவது இதனாலேயே. மனிதன் தன் கண்ணால் தன் முதுகைக் காண இயலாதல்லவா? உணர்ந்தபின் செய்ய வேண்டியதை வரி வசூலித்த சகேயு காட்டினான். தன் செல்வத்தில் பாதியை ஏழைகளுக்குத் தரவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் அவன் முன்வந்தான்.

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட பாடமும் உண்டு. இங்கே நம் பழைய குறைகளை அறிந்தவர் எவருமில்லை. தொலைவே அவற்றைத் தீர்த்துவிட்டதாக எண்ணி அமைதியடைகிறோம். இவ்வுரையை எழுத அமர்ந்தபோது, தந்தையார் விட்டுச்சென்ற வீட்டின் பங்கு பற்றித் தமையனாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய கடுஞ்சொற்கள் நினைவுக்கு வந்தன. அன்று அது உரிமைக் குரலாகவே தோன்றியது, உறவினரும் ஆமோதித்தனர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தோம். அதன்பிறகே இவ்வுரையைத் தொடர இயன்றது.

பதில் வருமா என்பது நம் கையில் இல்லை. திரும்பி நடப்பது நம் கையில் உண்டு. நியூட்டனுக்கு அவ்வழி நாற்பது ஆண்டு நீண்டது; நேயர்கள் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுவதில்லை.