கந்தையும் கடனும்



பட்டும் பொன்னும் சாத்தி இறைவனைக் கண்குளிரக் காணும் இத்திருவிழா நாளில், மாரண்டஹள்ளியில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் கந்தைத் துணி. ஈதென்ன பொருள் என்று எண்ண வேண்டா. அடியார்க்கு ஆடை கந்தையே என்று திருக்கூட்டச் சிறப்பில் சேக்கிழார் பெருமான் போற்றுகின்றார். அக்கந்தையை உடுத்தே இறைவன் காஞ்சி மாநகருக்கு எழுந்தருளினான்.

அங்கே திருக்குறிப்புத் தொண்ட நாயனார், ஏகாலியர் குலத்துதித்து, அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுக்கும் தொண்டு புரிந்துவந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் மெலிந்த மேனியோடு ஓர் ஏழைத் தவசி வந்தார். அவர் உடுத்திருந்ததோ அழுக்கேறிய கந்தை. "பொழுது சாயுமுன் தோய்த்து உலர்த்தித் தருவீராயின் தருவோம், தவறினால் இவ்வுடற்கு இடர் செய்தவராவீர்" என்றார். நாயனார் இசைந்து பெற்றுத் தோய்த்தார். உலர்த்தப் புகும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. மாலையும் வந்தது, மழை விடவில்லை. அடியவர் குளிரால் நடுங்குவாரே என்று பதறி, துவைக்கும் கல்லிலே தலையை மோதினார். உமையம்மையின் வளைத்தழும்பு பெற்ற ஏகம்பநாதனின் திருக்கை தோன்றி அவரைத் தடுத்தது.

தாம் ஏற்ற பணி முடியாது நின்றதால் ஓருயிர் குளிரில் வாடும் என்பதே நாயனாரின் துயரம். இதனை நெஞ்சில் நிறுத்தி நம் இல்லங்களுக்கு வருவோம்.

பாட்டியின் பழஞ்சேலை, தந்தையின் வேட்டி, குழந்தைக்குச் சிறிதாய்ப்போன சட்டை ஆகியவற்றைத் துண்டுகளாக இணைத்து, அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது நம் நாட்டுப் பெண்களின் பழைய தொழில். வங்கத்தில் இதனைக் காந்தா என்பர்; கந்தை என்னும் சொல்லுக்கு உறவான பெயர். வட கன்னட நாட்டில் கௌதி என்பர். உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ஓரத்திலே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்கின்றனர். மூலைகளில் மடித்த சிறு துண்டுகளை வைத்துத் தைத்து, அவற்றைப் பூ என்று அழைக்கின்றனர். அப்பூ இல்லாத போர்வை அவர்களுக்கு நிறைவுடையதன்று.

இவ்வேலை ஒரு நாளில் முடிவதன்று. ஆதலின் பாதியில் நிற்பதும் உண்டு. தாய் தொடங்கினாள்; கண் மங்கிற்று; அல்லது காலமே முடிந்தது. குத்திய ஊசியோடு அத்துணி தகரப் பெட்டியின் அடியில் கிடக்கின்றது. எறிய மனம் வருவதில்லை. தைக்க எடுத்தாலோ, "அவள் தையல் எறும்பு ஊர்ந்தாற்போல் நேரானது, நம் தையல் கோணலாயிற்றே" என்று கை தயங்குகின்றது.

தயங்க வேண்டா, அன்பர்களே! சுந்தரமூர்த்தி சுவாமிகள் அடியார் பெயர்களைத் திருத்தொண்டத்தொகையிலே தொகுத்தார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியிலே வகுத்தார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணமாக விரித்தார். மூவர் நடையும் வேறு வேறு, பணி ஒன்றே. முன்னவர் கைவண்ணம் நமக்கு வாராது என்று பின்னவர் ஒதுங்கியிருந்தால் நமக்குப் பெரியபுராணம் ஏது? அந்நூலில் 63 தனியடியாரும் 9 தொகையடியாரும் உள்ளனர். மன்னர், வேடர், குயவர், பரதவர், சாலியர், ஏகாலியர் என நிறம் வேறான துண்டுகளெல்லாம் சிவனன்பு என்னும் ஒரே நூலால் இணைந்து கிடக்கின்றன. தாயின் நேர்த்தையலும் மகளின் கோணல் தையலும் ஒரு போர்வையில் இருப்பது குறையாகுமோ?

நாயனாருக்கு மழை தடையாயிற்று. நமக்குத் தடையாவது "நாளை" என்னும் ஒரு சொல்லே. மார்கழிப் பனியோ நமக்காகக் காத்திராது. ஆதலின் இல்லம் ஏகியதும் பெட்டியைத் திறவுங்கள். திருவைந்தெழுத்தை ஓதியவாறே நாளொன்றுக்கு ஒரு சாண் தைத்தாலும் போதும். முடித்தபின் மீண்டும் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். வீட்டு முதியவர்க்கோ, கோயில் வாயிலில் துயிலும் ஏழைக்கோ போர்த்துங்கள். அவருடைய நடுக்கம் தணியும்போது தாயின் தொண்டு நிறைவுறும்; கந்தையோடு வந்த காஞ்சிப் பெருமானும் அதனை ஏற்றருள்வான்.

திருச்சிற்றம்பலம்.