படைவீரர் இல்லத்துச் சிறு குழந்தைகளின் கோடை விடுமுறை

(மாதர் பிரிவின் குடும்ப நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

படையில் பணிபுரிவோரின் குடும்பங்கள், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய சின்னஞ்சிறு பிள்ளைகளுடன் நீண்ட விடுமுறையை எப்படிக் கழிக்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு மாதர் பிரிவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. என் மருமகன் நம் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். 2023ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தோடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தங்கியிருந்தார். அந்த ஆண்டு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான் அங்கே என் மகளுக்குத் துணையாக இருந்தேன். பேத்திக்கு அப்போது இரண்டரை வயது.

சிங்கப்பூர்க் குடும்பம் அரிசோனாவில் என்ன செய்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் வானம் சிறியது. போர் விமானங்கள் பறந்து பழக இடம் போதாது. ஆகவே நம் ஆகாயப்படை 1993ஆம் ஆண்டிலேயே அரிசோனாவின் லூக் விமானப்படைத் தளத்தில் பயிற்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2009இல் ஐடஹோ மாநிலத்தின் மவுண்டன் ஹோம் தளத்தில் மற்றொன்று அமைந்தது. அங்கே பணிக்குச் செல்வோர் மனைவி மக்களோடு ஓரிரு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்கப் படைவீரர் குடும்பங்கள் கோடையில் படும் பாட்டை நம் பிள்ளைகளில் சிலரும் படுகிறார்கள் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோடை விடுமுறை என்றாலே மகிழ்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். படைவீரர் வீட்டுக் குழந்தைக்கு அது பல நேரங்களில் இழப்பின் காலம். அமெரிக்காவில் பள்ளிகள் மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ மூடினால், ஆகஸ்டு, செப்டம்பரில்தான் திறக்கும். பிள்ளைகளின் படிப்புக் கெடாமல் இருக்க, படைவீரர்களின் இடமாற்றங்களில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் நடக்கும். நேற்று வரை கூட விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளை, இன்று லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதே சமயம் அப்பாவோ அம்மாவோ பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போக நேரிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரமே மருமகன் வேறு மாநிலத்துக்கு ஐந்து வாரப் பயிற்சிக்குப் புறப்பட்டார்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியசையும் தாண்டியது. குழந்தையை வெளியே விட முடியாது. தகப்பன் இல்லை, தோழன் இல்லை, வாசலுக்கும் போக முடியாது. ஒரு பிஞ்சு உள்ளம் ஒரே மாதத்தில் இவ்வளவையும் தாங்க வேண்டியிருக்கிறது.

பெரிய பிள்ளையாக இருந்தால் "அப்பா எப்போது வருவார்?" என்று கேட்கும், நாமும் பதில் சொல்லலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளை என்பதும் அடுத்த மாதம் என்பதும் ஒன்றுதான். அது தன் வருத்தத்தை வாயால் சொல்லாது, உடம்பால்தான் சொல்லும். நன்றாகத் தூங்கிய பிள்ளை நடு இரவில் எழுந்து அழும். சிறுநீர் கழிக்கச் சொல்லிப் பழகிய பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கும். அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். இதைப் பிடிவாதம் என்று அடிக்கக் கூடாது. இந்த வயதில் விடுமுறை நடவடிக்கை என்பது குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் அன்று. தினமும் அதே நேரத்தில் அதே காரியம் நடக்கும்போது, உலகம் இன்னும் கலையவில்லை என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. நான் இன்று சொல்ல வந்த கருத்து இது ஒன்றுதான்.

என் மகள் வகுத்த நாளைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கெல்லாம் பூங்காவுக்குப் போய்விடுவோம். ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். அந்த ஊரில் வெயில் ஏறிய பிறகு சறுக்கு மரத்தைத் தொட்டாலே பிள்ளையின் தோல் வெந்துவிடும். உட்காரவைக்கும் முன் பெரியவர்கள் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 11 டிகிரி செல்சியஸ் கூடிவிடும் என்பதால், ஒரு நிமிடம்கூடப் பிள்ளையைத் தனியே காரில் விடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அகலமான தொட்டியில் நான்கு விரற்கடை தண்ணீர், இரண்டு குவளை, ஒரு சல்லடை. ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதல்தான்.

பத்து மணிக்கு நூலகத்தில் கதை நேரம். அங்கே படைத்தளங்களிலும் நூலகம் உண்டு, ஊரிலும் உண்டு. கட்டணம் இல்லை. அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களுக்கு வேறொரு வசதியும் செய்திருக்கிறார்கள். 2010இல் 'புளூ ஸ்டார் மியூசியம்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த அரும்பொருளகங்கள் கோடை மாதங்களில் படைவீரர் குடும்பத்தை இலவசமாக உள்ளே விடுகின்றன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அரும்பொருளகம் எதற்கு என்று கேட்கலாம். குளிர்ந்த கூடம், ஓடி நடக்க இடம், அம்மாவுக்குப் பேச இன்னொரு தாய். பணம் கட்டாததால், பிள்ளை அழுதால் இருபது நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

மதியத் தூக்கத்துக்குப் பிறகு அடுக்களை. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கையில் கொடுத்தால் போதும். அரிசி மாவால் தரையில் கோலப் புள்ளி வைக்கச் சொன்னால் அதன் மனம் போல் வைக்கும். மாலையில் செடிக்குத் தண்ணீர். இருட்டியதும் வாசலில் நின்று நிலா காட்டுவது. நம் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பருவமே உண்டு. தளர்நடைப் பிள்ளைக்கு நிலவைத் துணைக்கு அழைக்கலாம் என்று நம் முன்னோர் எப்போதோ கண்டுகொண்டார்கள். "அப்பாவும் அங்கே நிலா பார்க்கிறார்" என்று என் மகள் தினமும் சொல்வாள். பிள்ளைக்குத் தூரம் புரியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் தினமும் அப்பா என்ற சொல் இருந்தது.

இங்கே முக்கியமான ஓர் இடத்துக்கு வருகிறேன். வீட்டில் இல்லாத தகப்பனின் இடத்தைக் குழந்தையின் மனத்தில் காலியாக விடக் கூடாது. இதற்காக அமெரிக்காவில் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1989இல் சான் டியாகோ நகரில், கடற்படை மருத்துவர் ஒருவரின் மனைவி 'யுனைடெட் த்ரூ ரீடிங்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பணிக்குப் போகும் படைவீரர் ஒரு கதைப் புத்தகத்தை வாசிப்பதைப் படம்பிடித்து, பிள்ளைக்குப் போட்டுக் காட்டச் செய்கிறது அந்த அமைப்பு. 2006இல் செசமி ஸ்திரீட் தயாரிப்பாளர்கள், எல்மோவின் அப்பா வெளியூர் போவதாகக் கதை அமைத்து, படைவீரர் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் மேய்ன் மாநிலத்தில், இடுப்புக்கு மேல் ஆளுயரப் படம் ஒன்றை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த அப்பாவையும் உட்காரவைத்துக்கொள்வார்களாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதன் நோக்கம் உயர்ந்தது.

தொலைபேசித் திரையைக் குழந்தைக்குக் காட்டலாமா என்று தாய்மார்கள் என்னைக் கேட்பதுண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று கூறியது. ஆனால் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. எங்கள் வீட்டில் மருமகன் புறப்படும் முன், பாட்டி வடை சுட்ட கதையைத் தம் குரலில் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனார். காக்கை கத்தும் இடத்தில் அவர் பெரிதாகக் கத்துவார். ஐந்து வாரமும் தூங்கும் முன் அந்தக் கதைதான். 35 காகித வளையங்களைக் கோத்துச் சங்கிலியாகச் சுவரில் தொங்கவிட்டோம். கதை முடிந்ததும் பிள்ளை ஒரு வளையத்தைக் கிழிக்கும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் சங்கிலி குட்டையாவது தெரியும்.

கடைசி வளையம் கிழிந்த மறுநாள் மருமகன் வந்தார். வாசலில் மண்டியிட்டுக் கைகளை விரித்தார். பிள்ளை ஓடிவந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த மனிதருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் மகள், "வற்புறுத்தாதீங்க, உட்காருங்க" என்றாள். அவர் பைகளை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "ஒரு ஊர்ல ஒரு பாட்டி" என்று மெல்லத் தொடங்கினார். காக்கை கத்தும் இடம் வந்தது. அவர் கத்தவில்லை, நிறுத்திக்கொண்டார். என் புடவைக்குள்ளிருந்து "கா!" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக ஒரு கை, ஒரு கால். கதை முடிவதற்குள் அவர் மடியில் இருந்தது குழந்தை. அந்தப் பதிவுக்கு ஒரு காசும் செலவாகவில்லை.

அன்புத் தாய்மார்களே! அரிசோனா தொலைவில் இருக்கிறது. ஆனால் இந்த நிலை நம் அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு. நம் போர்க்காலப் படைவீரர்களை ஆண்டுக்கு 40 நாள் வரை பயிற்சிக்கு அழைக்கலாம். அவர்களில் பலர் சிறு பிள்ளைகளின் தகப்பன்மார். 1990 முதல் நம் தரைப்படை ஆஸ்திரேலியாவுக்குப் பெரும் பயிற்சிக்குச் சென்றுவருகிறது. 2009 தொடங்கி நம் கடற்படைக் கப்பல்கள் பலமுறை ஏடன் வளைகுடாவுக்குச் சென்று திரும்பியிருக்கின்றன. நம் பெண்களும் படையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் எஞ்சியிருப்பவர் ஒருவர்தான். அவர் சமைக்க வேண்டும், வேலைக்கும் போக வேண்டும், நடு இரவில் அழும் பிள்ளையையும் தேற்ற வேண்டும். என் மகளுக்கு நான் இருந்தேன். எல்லாருக்கும் தாய் விமானம் ஏறி வந்துவிட முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் அண்டை வீட்டில் அப்படி ஒரு தாயோ தகப்பனோ இருந்தால், ஜூன் விடுமுறையில் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு இருங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம் போங்கள். கொடையாளர்கள் விலை உயர்ந்த பொம்மைகள் வாங்கித் தர வேண்டியதில்லை. மண்டபம் வைத்திருப்போர் விடுமுறைக் காலை ஒன்றில் அதைத் திறந்து, ஒரு பாய், ஒரு தொட்டித் தண்ணீர், கதை சொல்ல ஒரு பாட்டி என்று ஏற்பாடு செய்தால் பத்துக் குடும்பங்கள் பயன்பெறும். கதை சொல்ல ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.